அர்சிபா

நூறு சொல்லுக்குள் வேண்டுமாம் அரங்கத்தாருக்கு.
நிகழ்ச்சித் தாளில், புகைப்படத்துக்குக் கீழே
அவ்வளவுதான் இடம்.

எவாரிஸ்ட் பூங்கவனோன்.
பூங்காவனம்தான்.
கப்பல் இறங்கிய வரிசையில் எவனோ ஒரு எழுத்தன்
காதால் கேட்டு மூக்கால் எழுதியது.
சேந்த் ஆந்த்ரேயில் பிறப்பு.
தகப்பனுக்குக் கரும்பாலையில் பாகு காய்ச்சும் வேலை.
ஆடியில் தீமிதி, ஞாயிற்றுக்கிழமை பூசை,
இரண்டுக்கும் அதே ஒரு சட்டை.
மாதாகோவில் ஆர்கனுக்குத்
துருத்தி மிதிக்கப் போனான் பையன்.
காற்றை இவன் கொடுக்க
பாட்டை வேறொருவர் வாசித்தார்,
நான்கு வருஷம்.

பாரீசில் இரண்டு குளிர்காலம்.
உன் தாளம் நொண்டுகிறது என்றார்களாம்.
ஏழு அடி அது, நொண்டவில்லை, என்று சொல்லத் தெரியாமல்
திரும்பிவிட்டார்.
பிறகு முப்பத்தொரு வருஷம் தபால் நிலையம்.
தந்திப் படிவங்களின் முதுகில் ஐந்து கோடு இழுத்து
எழுபத்து மூன்று உருப்படிகள்.
மேடை கண்டவை ஒன்பது,
அதில் நான்கு யார் யாருடைய கல்யாணத்திலோ.

இதற்கே எழுபது சொல் தாண்டிவிட்டது.

நான் காரைக்கால்.
பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவன்.
எட்டே எட்டுப் பிள்ளைகள், மழை என்றால் மூன்று.
மாலைகளில் அவருக்குப் பக்கம் புரட்டினேன்.
எனக்குச் சுரம் படிக்கத் தெரியாது.
அவர் தாடை அசைந்தால் புரட்ட வேண்டும்,
அதுதான் ஏற்பாடு.

கடைசிப் படைப்புக்கு நாற்பது குரல், ஓர் ஆர்கன், ஒரு பறை.
வார்த்தைகள் அவர் வீட்டுச் சொத்து:
சூடம் ஏற்றும்போது மூன்று முறை சொல்வது,
ஐந்து தலைமுறையாக.
அர்சிபா குடுபிங்.
அர்சிபா என்றொரு அம்மன் என்றார்.
வேறு எங்கும் கோயில் இல்லாதவள்,
எங்கள் குடும்பத்தோடு மட்டும் வந்தவள்.
நான் தலையாட்டினேன்.
எத்தனையோ அம்மன், எனக்கென்ன தெரியும்.

ஒத்திகையில், முப்பத்தோராம் பக்கம்.
பறை நின்றுவிட்டது.
பெண் குரல்கள் மட்டும், மிக மெதுவாக,
ஒவ்வோர் அசையையும் ஈரத்துணி போல் பிரித்துப் பிரித்து
அ, ரி, சி,
எ, ப்ப,

தாடை அசைந்தது. நான் புரட்டவில்லை.
மறுபடி அசைந்தது.

மூன்று நாள் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.
நாலாம் நாள் சொன்னேன்.
அது அம்மன் இல்லை, முசியே.
அரிசி எப்ப குடுப்பீங்க.
தோட்டத்துக் கிடங்கு வாசலில்
படி அரிசிக்கு நின்ற யாரோ கேட்டது.

சிரித்தார் முதலில். இருமல் வரும்வரை.
எழுந்து போய்
சூடத்தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
அப்புறம் கேட்டார்:
என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

பதில் தமிழில் இருந்திருக்காது, என்றேன்.
அது உங்கள் மொழியில்தான் வந்திருக்கும்.

ஒரு சுரத்தையும் அவர் மாற்றவில்லை.
தலைப்பில் இருந்த 'பிரார்த்தனை'யை மட்டும் அடித்தார்.
முடிவில் நாற்பது குரலும் சேர்ந்து நிற்கும்
பெரிய இசைவு ஒன்று இருந்தது,
இரண்டு வருஷம் தேடிக் கண்டது.
அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு
எட்டு வெற்று அளவைகள் ஒட்டினார்.
பாடகர்கள் உட்காரக்கூடாது.
மூச்சை இழுத்துவைத்துக்கொண்டு
கிடங்குக் கதவைப் பார்ப்பதுபோல் நிற்க வேண்டும்.

முதல் அரங்கேற்றத்தில்
இரண்டாவது அளவையிலேயே சனம் கைதட்டிவிட்டது.
அவர் திரும்பவில்லை.
கைதட்டலுக்கு நடுவே, தனியாக,
மிச்ச ஆறையும் விரலால் எண்ணி முடித்தார்.

சித்திரையில் புதைத்தோம். அன்றும் சூடம் ஏற்றினார்கள்,
அன்றும் மூன்று முறை சொன்னார்கள், அர்சிபா குடுபிங்,
அவருடைய மகள் அர்த்தம் தெரிந்தே சொன்னாள்.

அரங்கத்திலிருந்து மறுபடி தொலைபேசி.
பாடல் வரிகள் யாருடையவை
என்ற கட்டம் காலியாக இருக்கிறதாம்.
மரபு வழி என்று போட்டுவிடட்டுமா?

இல்லை, எழுதிக்கொள்ளுங்கள், என்றேன்.
வரிசையில் நின்ற ஒருவர்.

எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள் அந்தப் பெண்.